யாரும் எடுக்காத நிப்பு

7

"பெல்ட்டை அவுத்து வச்சுட்டுப் படத்தை எடுத்துக்கிட்டுப் போங்க" என்றான் ராக்கன்.

திருக்கோகர்ணத்தில் டீக்கடை வைத்திருக்கும் ராக்கனுக்கு ஆள் தராதரம் பார்க்கும் வழக்கம் கிடையாது. எதிரே நின்றவர் துப்பறியும் ரெங்கராஜ். சமஸ்தான போலீசில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து, சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபோது வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். உடுப்பு போய்விட்டது. மீசையும் பித்தளைக் கொக்கி வைத்த அந்தப் பெல்ட்டும்தான் மிச்சம். அதைத்தான் ராக்கன் அடமானம் கேட்டான்.

"குடுத்துருங்க சார்" என்றாள் அவருடைய உதவியாளர் அடைக்கலமேரி. "கைய இடுப்புல வச்சுக்கிட்டு நடந்தா பாக்க கம்பீரமா இருக்கும்."

மேரி ஆவூர்க்காரி. டைப்ரைட்டிங் பாஸ் செய்துவிட்டு தாலுகா ஆபீஸ் வேலைக்குக் காத்திருந்து, அலுத்துப்போய் ரெங்கராஜின் துப்பறியும் நிலையத்தில் வந்து உட்கார்ந்தவள். துப்பில் பாதிக்கு மேல் அவள் கண்ணில்தான் முதலில் படும். ரிப்போர்ட்டை முழுக்க அவள்தான் அடிப்பாள். கீழே கையெழுத்துப் போடுவது மட்டும் ரெங்கராஜ். இதைப் பற்றி அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. வேறு எல்லாவற்றைப் பற்றியும் திறப்பாள்.

ரெங்கராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு பெல்ட்டை அவிழ்த்துக் கொடுத்தார். ராக்கன் அதை ஆணியில் மாட்டிவிட்டு, பாய்லருக்குப் பின்னாலிருந்து ஒரு காகிதச் சுருளை எடுத்தான்.

புதுக்கோட்டையை ஒரு வாரமாகக் கலக்கிக்கொண்டிருந்த படம் அது. வேட்டியும் தலையில் உருமாலுமாக, தங்க பிரேம் கண்ணாடி போட்ட ஒரு பெருச்சாளி கரைமேல் குந்தியிருக்கிறது. நீளமான மூங்கில் குழாயை ஊருணிக்குள் விட்டு உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. தொப்பை வளர வளர ஊருணி வற்றுகிறது. கரையில் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். எழுத்து ஒன்றுமில்லை, பெயரும் இல்லை. அந்தக் கண்ணாடியையும் உருமாலையும் ரைஸ்மில் பெரியகருப்பனைத் தவிர இந்த ஊரில் யாரும் சேர்த்துப் போடுவதில்லை என்பதால் எழுத்து தேவைப்படவும் இல்லை. மில்லுக்குப் பின்னால் இருந்த ஊருணியை அவர் வேலி போட்டு வளைத்துக்கொண்ட மறுவாரம் இந்தப் படம் ராக்கன் கடைச் சுவரில் ஒட்டியிருந்தது.

அன்று சாயங்காலமே டிராயிங் மாஸ்டர் தங்கமுத்துவை மூன்று பேர் வழிமறித்தார்கள். அவருடைய வலது கையைக் கல்மேல் வைத்து இரும்புக் கம்பியால் அடித்து நொறுக்கினார்கள். ஊரில் படம் போடுகிறவர் என்றால் அவர் ஒருவர்தான். 'குருவிக்கூடு' என்ற குழந்தைகள் பத்திரிகையில் மாதாமாதம் 'தங்கம்' என்று கையெழுத்துப் போட்டு வரும் படங்களை ஊரே அறியும். பெருச்சாளிப் படமும் அச்சு அசல் அதே மாதிரி. மாஸ்டர் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குத் தாளாளரும் பெரியகருப்பனே. கையை ஒடித்தது போதாதென்று வேலையையும் பறிக்க இன்று சாயங்காலம் கமிட்டி கூட்டியிருந்தார்.

மாஸ்டர் முதல் நாளிலிருந்து 'நான் வரையவில்லை' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனைவி செங்கமலம்தான் ரெங்கராஜிடம் வந்தாள். "அவரு வரையலைன்னு நீங்க நிரூபிச்சுக் குடுக்கணும்" என்று அந்த ஒரு வரியை மட்டும் சொன்னாள். அழவில்லை. அது மேரிக்கு அப்போதே உறுத்தியது.

"கோடுகளைப் பாரு" என்றார் ரெங்கராஜ், பூதக்கண்ணாடியைப் படத்தின்மேல் வைத்து. "மீசை மசிரு மாதிரி. ஊத்துப் பேனாவுல இது வராது. மேப் போடுற ஊசி நிப்பு. இந்த ஊருல அதை விக்கிறது ஒரே கடை."

"குடத்தைப் பாத்தீங்களா சார்?"

"குடத்துல என்ன?"

"வாயில துணி கட்டியிருக்கு. முடிச்சு கூடத் தெரியுது. கலங்கத் தண்ணியை வடிகட்டக் கட்டுறது. தண்ணி தூக்காதவுக கண்ணுல இது படாது."

ரெங்கராஜ் மீசையைத் தடவினார். அவர் வீட்டில் தண்ணீர் அண்டாவில் இருக்கும். அண்டாவுக்கு எப்படி வருகிறது என்று அவர் துப்பறிந்ததில்லை.

அதற்குள் தலைப்பாகை கட்டிய இரண்டு குடியானவர்கள் டீக்கு வந்தார்கள். படத்தைப் பார்த்ததும் ஒருவர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "குன்றாண்டார்கோவில் பக்கத்துலேருந்தெல்லாம் வந்து பாத்துட்டுப் போறாக" என்றான் ராக்கன் பெருமையாக. "நேத்து மாஸ்டரே வந்தாரு. ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னாரு. இங்கிட்டு இருந்தவுக அம்புட்டுப் பேரும் எந்திரிச்சுக் கும்புட்டாக. அவருக்குப் பேச்சே வரலை. நான் டீக்குக் காசு வாங்கலை."

மேரி அதைக் காதில் போட்டுக்கொண்டாள். ஆனால் அப்போது அதன் விலை தெரியவில்லை.

கீழ ராஜ வீதிக்கு ஜட்கா பிடித்துப் போனார்கள். ஆண்டியப்பன் ஸ்டோர்ஸ் சிலேட்டும் சாம்பிராணியும் ஒன்றாக மணக்கும் கடை. ஆண்டியப்பன் எதையும் சிரிக்காமல் விற்பவர். கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே கோதுமை மணி அளவில் ஊசி நிப்புகள் எண்ணெய்ப் பளபளப்போடு கிடந்தன.

"யாரு யாரு வாங்குறாங்க?" என்றார் ரெங்கராஜ்.

"சர்வே ஆபீஸ்காரங்க அள்ளிக்கிட்டுப் போவாங்க. கவர்மெண்டு காசு. படம் போடுறவன் அப்படி எடுக்க மாட்டான். ஒவ்வொண்ணா எடுப்பான். வெளிச்சத்துல புடிச்சுப் பாப்பான். கட்டை வெரல் நகத்துல அமுக்கிப் பாப்பான். ரெண்டு காலும் ஒண்ணா விரியணும், ஒண்ணாச் சேரணும். ஒரு கால் கோணுனா தள்ளிருவான்."

"தங்கமுத்து மாஸ்டர் எப்படி எடுப்பாரு?"

"அவரு எடுக்கவே மாட்டாரு. டப்பாவைக் குடுங்க, வீட்டுல வச்சுப் பாத்துட்டுக் காலையில தாரேன்னு வாங்கிக்கிட்டுப் போவாரு. மறுநா மிச்சத்தைக் கொண்டாந்து குடுத்துருவாரு."

"நல்லதையெல்லாம் பொறுக்கிக்கிட்டு?"

ஆண்டியப்பன் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "அங்கதான் கூத்து. நல்ல நிப்பெல்லாம் எனக்கே திரும்பி வந்துரும். யாரும் எடுக்காத கோணக்கால் நிப்பாப் பாத்துத்தான் அவரு வச்சுக்குவாரு. அதை இப்படி வலக்கையில புடிச்சு இழுத்தா தாளைக் கீறி மசியைத் தெறிச்சு விட்டுரும். அதுல எப்படித்தான் படம் போடுறாரோ. கேட்டேன். அது கலைஞனோட ரகசியம்னாரு. விக்காத சரக்கு விக்குது, நான் ஏன் வாயைக் குடுத்துக்கணும்?"

"வலக்கையில புடிச்சா தெறிக்கும்னீங்க" என்றாள் மேரி மெதுவாக. "நொட்டாங்கையில புடிச்சா?"

ஆண்டியப்பன் யோசித்தார். "அங்கிட்டுலேருந்து தள்ளுனா ஓடும். ஆனா யாரு நொட்டாங்கையில புடிக்கப் போறா?"

ரெங்கராஜுக்கு மூக்கில் வியர்த்தது. வலது கையை இடுப்பிலிருந்து எடுத்து, பேண்ட் நழுவுவதற்குள் இடது கையால் பிடித்துக்கொண்டார். கல்லாப்பெட்டித் தூசியில் வலது விரலால் சாய்கோடுகள் நாலு கிழித்தார். கோடுகளின் தலை வலப்பக்கம் சாய்ந்தன. "இப்ப நீ நொட்டாங்கையால கிழி."

மேரி கிழித்தாள். தலை இடப்பக்கம் சாய்ந்தது.

படத்தை விரித்தார்கள். பெருச்சாளியின் தொப்பை, ஊருணிக் கரை, பெண்களின் சேலை மடிப்பு என்று நிழல் விழுந்த இடத்திலெல்லாம் மயிரிழைக் கோடுகள். அத்தனையும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

"நேத்து மாஸ்டர் வீட்டுச் சுவத்துல ஒரு படம் பாத்தோமே, கண்ணாடி போட்டு. கத்தரிக்காயும் சொம்பும். டிராயிங் பரிச்சைக்குப் போட்டதுன்னு காட்டுனாரே" என்றார் ரெங்கராஜ்.

"கத்தரிக்காய் வெந்துபோன மாதிரி இருந்துச்சு சார். ஆனா நிழல்கோடு வலப்பக்கம் சாஞ்சிருந்துச்சு. ஆளு வலக்கைக்காரர்."

"முடிஞ்சது கேஸு." ரெங்கராஜ் கல்லாவைத் தட்டினார். "வரைஞ்சவன் நொட்டாங்கைக்காரன். மாஸ்டர் நிரபராதி. கமிட்டியில போயி இதை வச்சே பெரியகருப்பன் மூஞ்சியில கரியைப் பூசிருவேன்."

மேரிக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அது கடை வாசல் வரைதான் நீடித்தது. வாசலில் கயிறு கட்டிப் பத்திரிகைகளைத் தொங்கவிட்டிருந்தார் ஆண்டியப்பன். அதில் பழைய 'குருவிக்கூடு' ஒன்றும் தொங்கியது. அட்டையில் ஒரு நரி குடை பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போகிறது. மூலையில் 'தங்கம்' என்று கையெழுத்து. மேரி அதை உருவி எடுத்து, நரியின் வாலைப் பார்த்தாள். நின்றுவிட்டாள்.

"சார், நம்ம மாஸ்டர் நிரபராதிதான். ஆனா கொஞ்சம் ஓவரா நிரபராதி ஆயிட்டாரு."

நரியின் வாலில் நிழல்கோடுகள் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. உள்ளே யானை, முயல், மாமரம் எல்லாமே இடப்பக்கம். பெருச்சாளியைப் போட்ட கைதான் நரியையும் போட்டிருக்கிறது. வெந்த கத்தரிக்காய் போட்ட கை வேறு.

ரெங்கராஜ் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்ப இம்புட்டு நாளா மாஸ்டர் பேருல படம் போட்டது யாரு?"

"டப்பா ராத்திரி எங்கே போகுது சார்?"

"வீட்டுக்கு."

"வீட்டுல யாரு தண்ணி தூக்குறா?"

ரெங்கராஜ் பேண்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மேரி திரும்பிக் கடைக்குள் போய், நல்லதும் கோணலுமாகக் கலந்து ஒரு பிடி ஊசி நிப்பு பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டாள்.

செங்கமலம் வீட்டில் தனியாக இருந்தாள். கணவர் கமிட்டிக்கு முன்னதாகவே கிளம்பிவிட்டாராம். மோர் கொண்டுவந்து கொடுத்தாள், வலது கையால். இடது கை முந்தானைக்குள் இருந்தது. டம்ளரை வாங்கும்போது மேரி அந்த வலது கட்டை விரலைப் பார்த்தாள். நகத்தின் நடுவில் இரண்டிரண்டாகப் பொடிப்பொடியாய்க் குத்துத் தழும்புகள் இருந்தன. ரெங்கராஜ் எதுவும் தெரியாதவர்போல் முதுகைக் காட்டிக்கொண்டு சுவரிலிருந்த கத்தரிக்காயை ஆராய்ந்தார்.

"அக்கா, எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணணும்." மேரி பொட்டலத்தை ஒரு தட்டில் கொட்டினாள். "எங்க அத்தை மகன் டிராயிங் பரிச்சை எழுதுறான். நிப்பு வாங்கியாரச் சொன்னான். எது நல்லது எது கெட்டதுன்னு எனக்கு ஒரு எழவும் தெரியலை. கடைக்காரர் தலையில கட்டிட்டாரு போல."

"எனக்கென்ன தெரியும்? அவரு வரட்டும்."

"அவருக்குத்தான் கை இப்படிக் கெடக்கே அக்கா."

செங்கமலம் தட்டைப் பார்த்தாள். பார்க்காமல் இருக்கத்தான் முயன்றாள். அடுப்படிப் பக்கம் ஒரு எட்டு வைத்தாள். திரும்பினாள். குந்தி உட்கார்ந்தாள். முந்தானைக்குள்ளிருந்து இடது கை வெளியே வந்து ஒரு நிப்பைக் கிள்ளி எடுத்தது. வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள், வலது கட்டை விரல் நகத்தில் வைத்து அமுக்கினாள், காதோரம் கொண்டுபோய் மறுபடி அமுக்கினாள்.

"இது ஆகாது. விரிஞ்சது சேர மாட்டேங்குது. கோடு தடிச்சுப்போகும்." அடுத்ததை எடுத்தாள். "இது பொடியனுக்கு ஆகும். கை அழுத்துனாலும் தாங்கும். புது நிப்புல எண்ணெய் இருக்கும், நாக்குல தொட்டுத் தொடைச்சுட்டு மசியில முக்கச் சொல்லு. இல்லைன்னா மசி புடிக்காம உருண்டு விழும்." குரலே மாறிவிட்டது. சலித்துச் சலித்து நாலைந்தை ஒதுக்கினாள், மூன்றை எடுத்துக் கொடுத்தாள். கடைசியாக ஒன்றை எடுத்தவள் அமுக்கிப் பார்த்துவிட்டு அதை மட்டும் கீழே வைக்கவில்லை.

"அது எப்படி அக்கா?"

"இது யாருக்கும் ஆகாது."

"ஒங்களுக்கு ஆகும்ல?"

செங்கமலம் தன் இடது கையைப் பார்த்தாள். பிறகு முதுகைக் காட்டி நின்ற ரெங்கராஜைப் பார்த்தாள். மறைக்க முயலவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கண்டுபுடிக்க இம்புட்டு நாளா ஒங்களுக்கு?" என்றாள்.

ரெங்கராஜ் திரும்பினார். துப்பறியும் தொழிலில் அவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"நீங்கதான் எங்களைக் கூப்புட்டது" என்றார். "நீங்களே சொல்லியிருக்கலாமேம்மா."

"எப்படிங்க சொல்றது? எம் புருசனுக்குப் படம் போட வராது, நாந்தேன் போடுறேன்னு தெருவுல நின்னு கூவவா? நான் சொன்னா அவரைக் கேவலப்படுத்துனவ. நீங்க கண்டுபுடிச்சுச் சொன்னா கேஸு. அதுக்குத்தான் வந்தேன்."

பிறகு நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். கல்யாணமாகி வந்த புதிதில், நொட்டாங்கையால் சோறு பரிமாறியதற்கு மாமியார் ஊரைக் கூட்டிவிட்டாள். அன்றிலிருந்து அந்தக் கை முந்தானைக்குள் போனது. வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் மட்டும் வெளியே வரும். கணவரின் மசியை எடுத்து ஒரு கழுதைப் படம் போட்டாள். அதை அவர் விளையாட்டாகத் தன் பெயரைப் போட்டுப் பத்திரிகைக்கு அனுப்பினார். அச்சாகி வந்தது. இன்னும் அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். அதற்குப் பிறகு அது விளையாட்டாக இல்லை. நிப்பு மட்டும் அவளே பொறுக்கிக்கொள்ள டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பார். அந்த மட்டில் நல்ல மனிதர்.

"பெருச்சாளியை ஏன் அக்கா போட்டீங்க?"

"வேலி போட்டதுலேருந்து மூணு மடங்கு தூரம் நடக்குறேன். அவருக்கிட்ட சொன்னேன். தாளாளர், நமக்கு ஏன் வம்புன்னாரு. ஒரு தடவை எனக்குன்னு ஒண்ணு போட்டேன். பேரு போடலை. விடியுமுன்ன தண்ணிக்குப் போறப்ப டீக்கடைச் சுவத்துல ஒட்டிப்புட்டேன். பேரில்லாத படத்துக்கு யாரைப் புடிப்பாங்கன்னு நெனைச்சேன். அது எனக்குத் தோணாமப் போச்சு. நான் இழுத்த கோட்டை யாரு பாத்தாலும் அவரு பேரைத்தான் வாசிப்பாகன்னு தோணாமப் போச்சு." செங்கமலம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவரு கை ஒடிஞ்சு வந்த அன்னைக்கு நான் அழுதது பொய்யில்லைங்க. நாந்தேன் ஒடிச்சேன்னு அழுதேன். இப்ப எங் கைக்கும் சேத்து அழுறேன். இந்த மாசம் பத்திரிகைக்குப் படம் அனுப்பலை. ஒடிஞ்ச கை எப்படிப் படம் போடும்? எனக்கு ரெண்டு கையும் நல்லாத்தான் இருக்கு. ஆனா போட முடியாது."

அதுதான் கேஸ் என்று மேரிக்கு அப்போது புரிந்தது. மாஸ்டரின் வேலை அல்ல. தங்கமுத்துவின் பெயரோடு செங்கமலத்தின் கையும் ஒடிந்துபோய்க் கிடந்தது. உண்மை வெளியே வராவிட்டால் அது இனி எழுந்திருக்காது.

"பெரியகருப்பன் ஆளுக ஒங்க மேல பாய்வாங்களே" என்றார் ரெங்கராஜ்.

"பாயட்டும். எம் பேரைச் சொல்லிப் பாயட்டும். வாங்க, போவோம்."

நிப்பை விரலிடுக்கில் பிடித்தபடியே அவள் முன்னால் நடந்தாள்.

பள்ளிக்கூடத்துக்கு ராக்கன் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்ட முடியவில்லை. தெருவை அடைத்துக்கொண்டு கூட்டம். பெஞ்சின்மேல் தங்கமுத்து மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் செவ்வந்தி மாலை. மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய வலது கை தூளியில் தொங்கியது. காலையில் பார்த்த குடியானவர்கள் அந்தக் கட்டைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்ன நடந்துச்சு?" என்று கேட்டார் ரெங்கராஜ்.

ராக்கன் ஆனந்தத்தில் இருந்தான். "கமிட்டி ஆரம்பிச்ச ஒடனே மாஸ்டர் எந்திரிச்சு நின்னாராம். ஆமா, நாந்தேன் வரைஞ்சேன், வேலை போனா போகட்டும், ஊருணி ஊருக்குத்தான் சொந்தம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிப்புட்டாராம். பெரியகருப்பனுக்கு ஈயாடலையாம். வார எலெக்ஷன்ல மாஸ்டரைத்தான் நிப்பாட்டணும்னு பேசிக்கிட்டு இருக்காக."

செங்கமலம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெஞ்சுக்கு முன்னால் போனாள். "அதை அவரு வரையலை. நாந்தேன் வரைஞ்சேன்" என்றாள். உரக்கத்தான் சொன்னாள். எல்லோருக்கும் கேட்டது.

கூட்டத்தில் ஒரு பெரியவர் தலைப்பாகையை அவிழ்த்து மேல்துண்டாகப் போட்டுக்கொண்டு, "பாத்தீகளா, புருசனைக் காப்பாத்த என்ன சொல்லுது பாருங்கப்பா. பொம்பளைன்னா இதுல்ல பொம்பளை" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பக்கத்திலிருந்தவர்கள் 'ஆமா ஆமா' என்றார்கள். யாரோ ஒரு முழம் பூவை எடுத்து அவளிடம் நீட்டினார்கள்.

"அந்தம்மா சொல்றது நிசம்" என்று குரல் கொடுத்தார் ரெங்கராஜ். இடது கையில் பெருச்சாளிப் படம், வலது கையில் 'குருவிக்கூடு'. கோடுகள் சாயும் திசையைக் காட்ட இரண்டையும் ஒன்றாகத் தூக்கிப் பிடித்தார். அவர் மறந்தது ஒன்றே ஒன்று. இடுப்பைப் பிடிக்கக் கை இல்லை. பேண்ட் நழுவியது. கூட்டம் சிரித்த சிரிப்பில் அவர் சொன்ன இடப்பக்கம் வலப்பக்கம் எதுவும் எடுபடவில்லை. அந்தச் சந்தடியில் ராக்கன் படத்தைப் பிடுங்கிக்கொண்டு பெல்ட்டை அவர் தோளில் போட்டான்.

மேரி விடவில்லை. "நிப்பு மாட்ட ஒரு பேனாக் கட்டை குடுங்க. அக்கா இங்கேயே போட்டுக் காட்டுவாங்க" என்று கத்தினாள்.

மாஸ்டர் பெஞ்சிலிருந்து குனிந்து பார்த்தார். அவர் கண்ணில் இருந்தது கெஞ்சலா மிரட்டலா என்று மேரிக்குப் பிடிபடவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம். நல்ல கையால் மாலையைச் சரிசெய்துகொண்டு, கூட்டத்தைப் பார்த்துச் சாந்தமாகச் சொன்னார்.

"அவளுக்கும் கொஞ்சம் வரும். நான் சொல்லிக் குடுத்ததுதான்."

அவ்வளவுதான். இனி அவள் எத்தனை நரி போட்டாலும், எத்தனை பெருச்சாளி போட்டாலும் அது அவர் சொல்லிக்கொடுத்ததாகிவிடும். பெரிய வக்கீல்கூட ஒரு கேஸை இத்தனை சுருக்கமாக முடித்து மேரி பார்த்ததில்லை. "செங்கமலம், நீ வீட்டுக்குப் போ" என்றார் மாஸ்டர்.

அவள் கூட்டத்தைவிட்டு வெளியே வந்தாள். ரெங்கராஜ் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, தலைகுனிந்து பக்கத்தில் நின்றார். ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார். "ஒங்க மேல அடி விழுந்துரக் கூடாதுன்னுதான் அவரு அப்படிச் சொல்லியிருப்பாரும்மா."

"கை ஒடிஞ்சப்ப நான் இல்லைன்னாரு. வலியில மொனகுறப்பயும் நான் இல்லைன்னாரு" என்றாள் செங்கமலம். "ஊரு எந்திரிச்சுக் கும்புட்ட பெறகுதான் நாந்தேன்னு வந்துருக்கு. பேரு போடாம வச்சிருந்தது இந்த ஒரு படம்தான். அதுலயும் போட்டுக்கிட்டாரு."

விரலிடுக்கில் இருந்த நிப்பை அவள் மேரியின் உள்ளங்கையில் வைத்தாள், இடது கையால்தான். பிறகு அந்தக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். அங்கே குடம் காலியாக இருந்தது. இருட்டுவதற்குள் தண்ணீருக்குப் போக வேண்டும்.

ஆபீசுக்கு வந்ததும் ரெங்கராஜ் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "ரிப்போர்ட் அடிச்சிரு மேரி. பைலை மூடணும்."

"என்னன்னு சார் அடிக்க?"

"படத்தை வரைஞ்சது தங்கமுத்துன்னு அவரே ஒத்துக்கிட்டாரு. வேற என்னத்தை அடிக்க? ஊரே சாட்சி."

மேரி அடித்தாள். ஒவ்வொரு எழுத்தையும் குத்துவது மாதிரி அடித்தாள். உருளையைத் திருகித் தாளை எடுத்து, கட்டைப் பேனாவில் இருந்த தடித்த நிப்பைக் கழற்றிப் போட்டாள். செங்கமலம் கொடுத்த ஊசி நிப்பு கட்டையில் சரியாக நிற்கவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தை மடித்துச் செருகி இறுக்கினாள். நாக்கில் தொட்டுத் துடைத்து, மசியில் முக்கி, தாளோடு சேர்த்து அவர் முன்னால் வைத்தாள்.

ரெங்கராஜ் வழக்கம்போல வலது கையில் பேனாவை எடுத்து, வழக்கம்போலத் தாளின் அடியில் தன் பெயரை இழுத்தார். நிப்பு தாளைக் கீறிக்கொண்டு நின்றது. மசி தெறித்து அவர் பெயர் இருக்க வேண்டிய இடமெல்லாம் கறுப்பானது.

"என்ன பேனா இது? வேற குடு."

"இதுதான் இருக்கு சார்" என்றாள் மேரி.